பூக் கேட்ட வருஷம்

மஞ்சள் காடு மஞ்சளாக இருக்காது. பச்சையாக இருக்கும், தை பிறந்தால் சருகாகும், மஞ்சள் எல்லாம் மண்ணுக்குள்ளே. பொழுது விடிந்தால் மஞ்சள் மூட்டைகளுக்கு நடுவில் உட்காருகிற மண்டிக்காரருக்கே இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. "ஏனுங்க, மஞ்சக் காடுன்னீங்க, படத்துல மஞ்சளையே காணமே?" என்று கேட்டார். "நோண்டிப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றேன். சிரித்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மஞ்சளாப் பண்ணி உட்டுருங்க" என்றார். நான் பண்ணவில்லை. எடுத்த படத்தில் கை வைக்க மாட்டேன். கொள்கை என்றெல்லாம் பெரிய பேச்சு இல்லை, பிடிவாதம்தான்.

அவருடைய மண்டி நாமகிரிப்பேட்டையில் இருக்கிறது. விவசாயிகளுக்குக் கொடுக்க வருஷா வருஷம் மாதக் கேலண்டர் அடிப்பார். போன சித்திரையில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். மாதத்துக்கு ஒரு தாள். மேல் பாதியில் அந்த மாதத்தில் நிலம் எப்படி இருக்கிறதோ அந்தப் படம், கீழ்ப் பாதியில் ஒரு பூ. மேலே உள்ளதை நான் கேமராவில் எடுக்க வேண்டும். கீழே உள்ளதை ஏஐ செய்யும். மேலே இருப்பது நான் கண்ணால் பார்த்தது, கீழே இருப்பது உலகத்தில் யாருமே பார்க்காதது. இரண்டும் ஒரே தாளில் வரும்.

இரண்டு வேலையும் எனக்குப் பழகியதுதான். கல்யாணத்துக்கு முன்னால் சூரமங்கலத்தில் ஒரு ஸ்டூடியோவில் இருந்தேன். மணப்பெண்களை நிற்க வைத்து, உட்கார வைத்து, வெட்கப்பட வைத்துப் படம் எடுத்து அலுத்துப்போய்த்தான் நிலத்தையும் மலையையும் எடுக்க ஆரம்பித்தேன். மலை முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. ஏஐ பூ கற்றுக்கொண்டது பிற்பாடு. இளம்பிள்ளையில் சேலைக்கு டிசைன் போடுகிற ஓர் ஆபீசுக்கு வீட்டில் இருந்தபடியே பூ செய்து அனுப்புகிறேன். நான் சில வார்த்தைகள் எழுதுவேன், வேண்டுமானால் ஒரு படத்தையும் கொடுப்பேன். மெஷின் நாலு பூ காட்டும். பிடித்ததைத் தொட்டால் அதைத் திருத்தி இன்னும் நன்றாகத் தரும். நாலில் ஒன்று கட்டாயம் கோணலாக இருக்கும். இதழ் நுனியில் நகம் மாதிரி ஏதோ முளைத்திருக்கும், அல்லது தண்டு இரண்டாகப் பிரிந்து சுற்றி வந்து தனக்குள்ளேயே நுழைந்துகொள்ளும். ஆரம்பத்தில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

கேலண்டருக்கான படங்களை அநேகமாக ஒரே இடத்தில் நின்று எடுத்தேன். எங்கள் காட்டின் மூலையில் ஒரு போர்க்குழாய் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் விவசாய நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். தரைக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு இரும்புக் குழாய், அதன் வாய்மேல் ஒரு பலகைக் கல். கல்மேல் கேமராவை வைத்தால் அசையாது. எதிரில் பங்காளி வீட்டு மஞ்சள் காடு, அதற்கு அந்தப் பக்கம் ஒற்றைப் பனை, பனைக்குப் பின்னால் போதமலை. பனையும் மலையும் அப்படியே நிற்கும், மற்றது எல்லாம் மாதத்துக்கு மாதம் மாறும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்தப் போரைப் போட்டவர் என் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டு ரிக் லாரி ஒன்றில் ட்ரில்லராக இருந்தார். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் காட்டில் தண்ணீர் வரவைத்தவருக்கு எங்கள் காட்டில் வெறும் பாறைப் பொடிதான் வந்தது. ராடு தீருகிற வரைக்கும் இறக்கினார். சாயங்காலம் வரை பொடி பறந்து வீட்டுக் கூரை, மாட்டு முதுகு, அவருடைய புருவம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. பிறகு அந்தக் கல்லைத் தூக்கிக் குழாய் வாயில் வைத்து மூடினார். அந்த மாதமே ரிக் லாரியோடு வடக்கே போனார்.

போன புதிதில் போன் வரும். அங்கே மண் சிவப்பு, சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை, அம்மா மாத்திரை போடுகிறாளா, இப்படி. பிறகு ஒரு நாள் ரோட்டோரம் டீ குடிக்க லாரியை நிறுத்தியிருக்கிறார்கள். டீயைக் குடித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் வருகிறேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவில்லை. கூட இருந்தவர்கள் நல்லவர்கள், நாள் கணக்கில் தேடினார்கள். போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் அவருடைய பை மட்டும் ஊருக்கு வந்தது. மூன்று வருஷம் ஆகிறது. செத்தார் என்று சொல்ல உடம்பு இல்லை, இருக்கிறார் என்று சொல்லக் குரல் இல்லை. வீட்டில் மிச்சம் நானும் அவருடைய அம்மாவும்தான். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன், அவர் என்னைச் சாமி என்பார்.

அந்தக் குழாய் மூச்சு விடும். இதைச் சொன்னால் நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். காலையில் உள்ளே இழுக்கும். கல்லை ஒரு பக்கம் நகர்த்திச் சருகை வைத்தால் சருகு உள்ளே போய்விடும். உச்சிப்பொழுதுக்கு மேல் வெளியே விடும். குளிர்ந்த காற்று வரும், பாறைப் பொடி வாசனை வரும், வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி ஒரு சத்தமும் வரும். காற்றின் அழுத்தம் மாறுவதால் ஆழமான போர்களில் இப்படி நடக்கும் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் ஒன்றும் குறையவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், காக்கை குருவி சத்தம்கூட இல்லாதபோது, அந்த முனகல் காதில் விழுந்தால் எனக்கு முதுகு சில்லிடும்.

அத்தைக்குப் பயமே கிடையாது. மதியத்தில் எங்கள் சோளக்காட்டு மூலைக்குப் போய்க் கல்லைத் தள்ளிவிட்டு, குழாய் பக்கத்தில் குந்தியிருந்து பேசுவார். ஆடு குட்டி போட்டது, பங்காளி வீட்டில் மோட்டார் எரிந்துபோனது, என்றைக்குக் கரண்ட் இல்லை, எல்லாம் சொல்வார். சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு கல்லை மூடிவிட்டு எழுந்து வருவார். ஒரு தடவை, "அங்க யார்கூடங்க அத்தை பேசறீங்க?" என்று கேட்டேன். "யார்கூடச் சாமி பேசறேன், சும்மாதான்" என்றார்.

அமாவாசை தோறும் அத்தை சாமியிடம் பூக் கேட்பார். எங்கள் ஊரில் இது எல்லாரும் செய்கிறதுதான். கல்யாணம் பேச, காடு வாங்க, கிணறு வெட்ட, எதற்கும் முதலில் பூக் கேட்போம். இலையில் இரண்டு பொட்டலம் கட்ட வேண்டும், ஒன்றில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. கேட்கவேண்டியதை மனசுக்குள்ளேயே நினைத்துக்கொண்டு சாமி காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் நல்லது, சிவப்பு வந்தால் இல்லை. பை ஊருக்கு வந்த மாதத்தில் அத்தை முதல் தடவை கேட்டார். "சாமிகிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றுதான் சொன்னார். என்ன கேட்பார் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஊருக்கே தெரிந்ததை என்னவென்று விசாரிப்பது?

வெள்ளை வந்தது. அத்தையின் முகம் தெளிந்தது. "வெள்ளை வந்துருச்சு சாமி, இனி வெசனமில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அமாவாசைக்கும் வெள்ளைதான். அதற்கடுத்ததற்கும். சிவப்பு வந்தால் கருமாதி செய்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். வெள்ளையே வந்ததால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பொட்டு வைத்துக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, யாருக்கு என்று தெரியாமல் காத்திருந்தேன். அம்மா வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துச் சலித்துவிட்டார்கள்.

கேலண்டர் வேலை ஆரம்பித்த சித்திரையில் காடு வெந்துகிடந்தது. பழுப்பு மண், வெளிறிய வானம். அந்தப் படத்தை மெஷினிடம் கொடுத்து, இதே நிறங்களில் ஒரு பூ வேண்டும் என்று எழுதினேன். நாலு பூவும் சிவப்பாக வந்தன. படத்தில் மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை. வெயில் படம் என்பதால் சூடான நிறமாக எடுத்துக்கொண்டதாக்கும் என்று நினைத்து, ஒன்றைத் தொட்டு எடுத்துக்கொண்டேன். வைகாசியில் ஒரு மழைக்குப் பிறகு பச்சை கிளம்பியது. பூ சிவப்பு. ஆனியில் மஞ்சள் ஊன்றினார்கள். பூ சிவப்பு. மண்டிக்காரர் பார்த்துவிட்டு, "பூவெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது, ஆனா நம்மளையே பாக்கற மாதிரி இருக்குதே" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதழ்களில் பூவின் வழவழப்பு இல்லை. சின்னச் சின்னத் துவாரங்களும் பூனை மயிரும் தெரிந்தன, மனிதத் தோல்போல.

ஆடித் தாளுக்கு ஆற்றுப் படம் வேண்டும் என்று மண்டிக்காரர் கேட்டார். ஆடி அமாவாசை அன்றைக்கு ஜேடர்பாளையம் போனேன். கதவணைக்கு மேல் தண்ணீர் தளும்பி வழிந்தது. கரை முழுக்க ஜனம், செத்தவர்களுக்குத் திதி கொடுக்க வந்தவர்கள். நான் கூட்டத்தை ஒதுக்கிவிட்டு, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கிற இடம் பார்த்து நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். ஐயர் ஒருவர் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உக்காரும்மா. யாருக்கு? பேரு சொல்லு" என்றார். நான் போட்டோ எடுக்க வந்தவள் என்றேன். "சரி, எடுத்துட்டு வந்து உக்காரு" என்று சொல்லிவிட்டு, எனக்கென்று ஓர் இலையைப் பிரித்துப் போட்டார். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அங்கே எடுத்த படம் ஒன்றைக் கொடுத்து மெஷினிடம் பூக் கேட்டேன். படத்தில் சாம்பல் நிறம் தவிர வேறு நிறமே இல்லை. நாலும் சிவப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு ஊர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தோன்றியிருக்காது, மெஷினைத் திட்டிவிட்டு வேறு வார்த்தை எழுதியிருப்பார்கள். எனக்கு உடனே தோன்றியது, இதுவும் பூ வாக்கு என்றுதான். கோயிலில் வெள்ளை வருகிறது, இங்கே சிவப்பு வருகிறது. அங்கே அத்தை கேட்கிறார், இங்கே நான். இரண்டில் ஒன்று பொய்.

அன்றிலிருந்து எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் பயம். உட்காராமலும் இருக்க முடியவில்லை. கேலண்டருக்கு, சேலைக்கு என்று சாக்கு வைத்துக்கொண்டு பூவாகக் கேட்டேன். மார்கழி வந்தது. விடியற்காலைப் பனியில் போதமலையைக் காணோம், பனையைக் காணோம், கைக்கு எட்டுகிற செடியும் பாதிதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களில் அதுதான் வெள்ளையானது. இதற்கு வெள்ளைப் பூ வந்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன். எந்த நிறமும் சொல்லாமல், 'ஒரு பூ' என்று மட்டும் எழுதினேன். மனசுக்குள்ளே கேட்க வேண்டியதைக் கேட்டேன். நாலு பூ வந்தன. பின்னால் பனி அப்படியே இருந்தது, நான் எடுத்த பனிதான். நடுவில் சிவப்பாக, ஈரமாக, ஒரே பக்கம் பார்த்தபடி நாலு பூக்கள். வெளியே குழாய் காற்றை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அடுப்படியில் போய் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டேன். "ஏஞ்சாமி, குளுருதா?" என்று கேட்டு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார். அவரிடம் என்ன சொல்வது? உங்கள் மகன் செத்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது என்றா?

மாசியில் இளம்பிள்ளை சேலை ஆபீஸ் முதலாளி போன் செய்தார். சூரத்தில் புதிதாக ஓர் ஆபீஸ் போடுகிறார்கள், முழுக்க முழுக்க ஏஐ டிசைன், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தங்க இடம் கொடுக்கிறோம் என்றார். பங்குனிக்குள் பதில் வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் காட்டை, அந்தக் குழாயை, அந்தப் பொட்டலங்களை விட்டுப் போகலாம். எனக்கும் நாற்பது ஆகப்போகிறது, இனி ஒரு வழி திறந்தால் இதுதான். ஆனால் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று மாதாமாதம் சாமி சொல்லும்போது எப்படி மூட்டை கட்டுவது? சிவப்பு ஒரு தடவை வந்துவிட்டால் போதும், கருமாதியை முடித்துவிட்டு நிம்மதியாகப் போவேன். அத்தையிடம் சூரத் பேச்சை நான் எடுக்கவே இல்லை. பங்குனி அமாவாசைக்கு நானும் கோயிலுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கோயில் ஏரிக்கரையில் இருக்கிறது. பங்குனி வெயிலில் ஏரி வெடித்துக் கிடந்தது. நான் தண்ணீர் இல்லாத ஏரியை எடுத்தேன், பிறகு சும்மா கேமராவைத் திருப்பினேன். தூரத்து லென்ஸ் மாட்டியிருந்தது. அரளிச் செடிக்குப் பக்கத்தில் அத்தை பூசாரிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். கையில் வெயில் அழகாக விழுந்தது. விரலை எடுக்காமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வழக்கம்போலச் சாமி காலடியில் போட்டார், பூசாரி எடுத்தார், பிரித்தார். வெள்ளை. பிரிக்காத பொட்டலத்தை அத்தை மடியில் கட்டிக்கொண்டார். எனக்கு அந்த வெயிலிலும் அழுகை வந்தது. அத்தை அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு என் முதுகைத் தடவினார்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் அத்தை விரல்களில் வெள்ளை அரளி. அடுத்த படத்தில் இலையை மடித்தாயிற்று. அதற்கடுத்த படத்தில் இரண்டாவது இலை, அதிலும் வெள்ளை அரளி. செவ்வரளி மடியில் அப்படியே கிடக்கிறது. முன்னும் பின்னும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இதில் மெஷின் இல்லை, ஏஐ இல்லை, நான் எடுத்த படம், நான் கை வைக்காத படம். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை. மூன்று வருஷமாகச் சாமிக்கு எடுக்க வேறு பூவே இருந்திருக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எழுந்து போய்ச் சண்டை போட்டிருப்பேன், அந்த நேரம் பார்த்து இளம்பிள்ளை முதலாளி வேறு பூ கேட்டுப் போன் செய்தார். "மெஷின் கெட்டுப்போச்சுங்க, சிவப்பத் தவிர வேற தரமாட்டேங்குது" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். "கெடலீங்க, அதுல உங்க ருசி பதிஞ்சிருக்குது. நீங்க எதைத் தொடறீங்களோ அதையேதான் திருப்பித் திருப்பித் தரும். அழிச்சு உட்டுட்டுப் புதுசா ஆரம்பிங்க" என்றார். முகூர்த்தச் சேலைக்குச் சிவப்புக் கேட்டது நீங்கள்தானே என்றேன். "அது போன வருசம் ரெண்டு மாசந்தானுங்க. அதுக்கப்புறம் நான் நீலமும் பச்சையுமாத்தான கேட்டேன். நீங்கதான் சிவப்பையே அனுப்பிச்சீங்க. நாங்க இங்க நிறத்த மாத்திக்கிட்டோம்" என்றார்.

நான் தொட்டு எடுத்த பூக்களை எல்லாம் மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நீலம் கேட்ட மாதத்தில், பக்கத்தில் நல்ல நீலப் பூ இருக்கும்போதே, சிவப்பைத் தொட்டிருக்கிறேன். வெள்ளையும் வந்திருக்கிறது, அதை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. எப்போது தொட்டேன், ஏன் தொட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. திரையில் இருந்தது என் விரல் வேலை, ஆனால் யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்து என் விரலைப் பிடித்துத் தொட்டுக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் செத்துவிட்டார் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் நான் அத்தனை நாளும் கேட்டிருக்கிறேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. பயமாக இருக்கிறது.

சாயங்காலம் அத்தை வாசலில் உட்கார்ந்து சோளத்தைப் புடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். சத்தம் போடக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் குரல் ஏறிவிட்டது.

"ஏனுங்க அத்தை, ரெண்டுலயும் வெள்ளையையே கட்டிப் போட்டா சாமி பொறவு எதைத்தானுங்க எடுக்கும்?"

முறம் நின்றது. அத்தை என்னைப் பார்க்காமல் முறத்தையே பார்த்தார்.

"தப்பா எடுத்துருச்சுன்னா?" என்றார் மெதுவாக.

"எடுக்கட்டுமே. உங்க பையன் இருக்கறாரா இல்லையான்னு ஒரு நாளாச்சும் தெரியட்டுமே. எத்தனை நாளைக்குங்க இப்படி? இருக்கறாரு இருக்கறாருன்னு நீங்களே சொல்லிக்கிட்டா ஆச்சுங்களா?"

அத்தை நிமிர்ந்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"அவனப் பத்தி நான் எங்க கேட்டேன் சாமி? அதைக் கேக்கறதுக்கு எனக்கேது தெம்பு? ஒரு நாளும் கேக்கல."

"பின்ன என்னத்தைத்தானுங்க கேட்டீங்க?"

"நீ இருப்பியா, என்னைய உட்டுட்டுப் போயிருவியான்னு கேட்டேன்."

பிறகு அவர் மறுபடியும் புடைக்க ஆரம்பித்தார். பதர் என் மடியில் வந்து விழுந்தது. நான் தட்டிவிடவில்லை. இத்தனை வருஷமும் நாங்கள் எல்லாரும் அந்த வெள்ளைப் பூவைப் பார்த்து, அவர் மகன் உயிரோடு இருக்கிறார் என்று நம்பினோம், நான் கருமாதி இல்லாமல் காத்திருந்தேன், அம்மா வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பூ ஒரு தடவைகூட அவரைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் இருக்கிறாரா என்று அந்தக் கோயிலில் இதுவரை யாருமே கேட்கவில்லை.

"அவரு வரமாட்டாருங்க அத்தை" என்றேன். அந்த வீட்டில் யாரும் சொல்லியிராத வார்த்தை. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

"தெரியுஞ்சாமி" என்றார் அத்தை. அழவில்லை. "ஒருத்தியா உக்காந்து வழியப் பாத்துக்கிட்டிருந்தா கிழவிக்குப் பைத்தியம்பாங்க. நீயும் இருந்தின்னா இத ஒரு ஊடுன்னு சொல்லுவாங்க."

மடியில் இருந்த போன் அடித்தது. இளம்பிள்ளை முதலாளி. சூரத்துக்கு ரயில் டிக்கெட் போடவேண்டும், இன்றைக்கு முடிவு சொல்லிவிடுங்கள் என்றார். நான் எழுந்து தள்ளிப் போய்ப் பேசியிருக்கலாம். எழ முடியவில்லை. அத்தை கையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. நான் வரலீங்க" என்றேன். முதலாளி காரணம் கேட்டார், நிறைய நல்ல வார்த்தை சொன்னார். "முடிவாத்தானுங்க சொல்றேன். வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனை அணைத்தேன். துக்கமா கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

"எங்க வரலைன்னே சாமி?" என்று கேட்டார் அத்தை.

"ஒரு கல்யாணத்துக்குங்க. போட்டோ எடுக்கக் கூப்புட்டாங்க. தூரமுங்க."

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். உண்மையாகவே அவருக்கு என்மேல் வருத்தம், என் பிழைப்பு கெடுகிறதே என்று.

"ரெண்டு நாளு போயிட்டு வந்திருக்கலாமில்ல? நானென்ன உன்னையப் புடிச்சா வெச்சிருக்கேன்?" என்றார்.